குளவி கட்டிய விட்டம்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அக்கா முதலில் அண்ணாந்துதான் பார்ப்பாள். மற்றப் பெண்கள் டிவியைப் பார்ப்பார்கள், பீரோவைப் பார்ப்பார்கள், கல்யாணப் போட்டோவில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அக்கா கூரையைப் பார்ப்பாள். ஓட்டுச் சந்தில் குருவி இருக்கிறதா, பரணில் பூனை குட்டி போட்டிருக்கிறதா, மூலையில் சிலந்தியாவது உண்டா. ஒன்றும் இல்லையென்றால் வீட்டுக்காரியைப் பார்த்து, "என்னத்தா, உங்க வீட்டுக்கு யாருமே வர்றதில்லையா?" என்று கேட்பாள். அப்போது அந்த வீட்டில் பத்துப் பேர் விருந்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விடும். அவள் முந்தானையைப் பிடித்து இழுப்பேன்.

அவள் என் கூடப் பிறந்த அக்கா இல்லை. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் மனைவி. தாடிக்கொம்புக்குப் பக்கத்து ஊரில், ஒரே ஓட்டு வீட்டில் முப்பத்தெட்டு வருசம் இருந்தோம். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது வீட்டுக்கு நடுவில் ஒரு செங்கல் சுவர் எழுப்பினார்கள். ஆனால் முகட்டைத் தாங்குகிற விட்டம் ஒரே மரம். அதை எப்படிப் பிரிப்பது? பாதி அவள் பக்கம், பாதி எங்கள் பக்கம் என்று விட்டுவிட்டார்கள். சுவரும் விட்டத்துக்கு ஒரு முழம் கீழேயே நின்றுவிட்டது.

அந்தச் சந்து வழியாக அவள் அடுப்புப் புகை என் வீட்டுக்கு வரும். என் வீட்டுச் சண்டை அவள் வீட்டுக்குப் போகும்.

"ஏ சின்னவளே, இன்னைக்கு என்ன வெஞ்சனம்?"

"கத்திரிக்காக்கா."

"ரெண்டு துண்டு எடுத்து வையி. இங்க வெறும் ரசந்தான்."

இப்படிப் பேசிப் பேசிப் பழகியதாலோ என்னவோ, சுவருக்கு இந்தப் பக்கம் நின்றால்தான் எனக்கு வாய் வரும். நேரில் வந்து நின்றால் அவள் பேசுவாள், நான் தலையை ஆட்டுவேன்.

தானாக வந்த எதையும் அவள் விரட்ட மாட்டாள். அதுதான் அக்கா. அவளைப் பற்றி எதைச் சொல்ல வந்தாலும் அங்கேதான் போய் நிற்கும். "வரத் தெரிஞ்சதுக்குப் போகத் தெரியாதா? செத்த நேரம் இருந்துட்டுப் போகட்டும்" என்பாள். அந்தச் செத்த நேரம் ஒரு நாளும் இருக்கும், மூன்று மாதமும் இருக்கும்.

ஒரு தடவை அவள் குளிக்கிற இடத்தில் தண்ணீர் போகும் வழி இடிந்துவிட்டது. கொத்தனார் சிமெண்டைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓட்டைக்குள்ளிருந்து ஒரு கீரி தலையை நீட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். "எந்திரிப்பு" என்று கொத்தனாரை எழுப்பிவிட்டாள்.

"சிமெண்டு இறுகிப் போகும்த்தா."

"இறுகுனா இறுகட்டும். அது வாசல்ல நீ சுவரு வைக்கப் போறியா? உன் வாசல்ல நான் வச்சா விடுவியா?"

குழைத்த சிமெண்டை வீணாக்கக் கூடாதென்று அவர் என் அடுப்படித் தரையில் பூசிவிட்டுப் போனார். அந்தக் கீரி போகிற வரைக்கும் அக்கா கொல்லையில் மூன்று தென்னங்கீற்றை மறைப்பாகக் கட்டிக் குளித்தாள். போனபிறகும் கொஞ்ச நாள் கட்டியே வைத்திருந்தாள், திரும்பி வந்தாலும் வரும் என்று.

இன்னொரு தடவை டியூப் லைட்டுக்கு மேல் அணில் கூடு கட்டியது. தென்னை நார், கொஞ்சம் தலைமயிர், என் ரவிக்கையில் பிரிந்த ஒரு நூல், அக்கா தலையணையின் பஞ்சு எல்லாம் அதில் இருந்தது. லைட் எரியவில்லை என்று கரண்டு வேலை பார்க்கிறவர் வந்தார். அக்கா ஏணியைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஏணியையே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குஞ்சு வெளியேறுகிற வரைக்கும் அவள் வீட்டில் அடுப்படிக் குண்டு பல்ப் ஒன்றுதான். சாயங்காலம் ஆனால் அந்தச் சந்து வழியாக எங்கள் வீட்டு வெளிச்சத்தை வாங்கிக்கொள்வாள். "சின்னவளே, லைட்டை அமத்திராத, நான் பூக் கட்டிக்கிட்டு இருக்கேன்" என்று குரல் வரும். நானும் அமர்த்த மாட்டேன்.

எல்லாமே சிரிப்பாக முடிந்ததில்லை. ஒரு தீபாவளிக்கு என் மகன் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்த பட்டுச்சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். யார் வீட்டு ஆடோ அக்கா வாசல் வழியாக வந்து முந்தானையை மென்றுகொண்டு நின்றது. அக்கா அங்கேதான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் ஓடிப் போய் இழுத்தபோது, "பைய இழு, பல்லுல மாட்டிருக்கு பாரு" என்றாள். உள்ளே வந்து அழுதேன். சந்து வழியாக அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய கல்யாணச் சேலை மடித்தபடியே சுவருக்கு மேலே வந்து இந்தப் பக்கம் விழுந்தது. அதை நான் எப்படிக் கட்டுவது? சாயங்காலம் கொண்டுபோய் அவள் பீரோவிலேயே வைத்தேன். அதற்கும் அவள் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை.

ஓடு கெட்டுப் போனது குரங்குகளால். சிறுமலையிலிருந்து கூட்டமாக இறங்கி வரும். மற்ற வீடுகளில் வெடி போட்டு விரட்டினார்கள். அக்கா தட்டில் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு, "ஏலே, எறங்கி வந்து தின்னுங்கடா, மேல நின்னு குதிக்காதீங்க" என்று கெஞ்சுவாள். பழத்தைத் தின்றுவிட்டு அவை மறுபடியும் மேலே ஏறிக் குதிக்கும். ஓடு நகர்ந்து மழைத் தண்ணீர் விட்டத்தில் ஊறியது. ஊறிய இடத்தில் கரையான் ஏறியது. எங்களுக்கு அது தெரிய ரொம்ப நாள் ஆயிற்று.

அக்காவுக்கு ஒரே மகள், ரேவதி. நாகல் நகரில் கட்டிக் கொடுத்திருந்தது. மருமகன் பாத்திரக் கடை வைத்திருக்கிறார், தங்கமான மனுசன். கல்யாணமாகிப் பதினோரு வருசம், பிள்ளை இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் பேரன் பேத்தி பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அக்கா மகளிடம் எதுவும் கேட்க மாட்டாள். யாராவது கேட்டால், "வர்றப்ப வரும். அதை என்ன போயி இழுத்துட்டா வர முடியும்?" என்பாள். ஆனால் பழனிக்குப் போனால் மட்டும் ஒரு சின்னத் தொட்டில் வாங்கி வருவாள், மரப்பாச்சி அளவுக்கு. அப்படி ஏழெட்டு இருந்தது பீரோவில். சேலையைத் திருப்பி வைத்தபோது நான் பார்த்தேன்.

குளவி கூடு கட்டிய அந்த வருசம், ஆனி மாதம் ரேவதி எனக்குப் போன் போட்டாள். எனக்கு யாரும் போன் போட மாட்டார்கள்.

"சின்னம்மா, அம்மா பக்கத்துல இருக்காகளா?"

"இல்லத்தா, பூப்பறிக்கப் போயிருக்காக."

"நீங்க ஒரு நாலு நாளைக்கு என்கூட மதுரைக்கு வர முடியுமா? அம்மாவுக்குத் தெரியக் கூடாது."

மகன் வீட்டுக்குப் போவதாக அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனேன். பெரிய ஆஸ்பத்திரி. ரேவதிக்கு மாதக்கணக்காக உதிரம் நிற்காமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வேறு வழி இல்லை என்று மூன்று டாக்டர் சொல்லிவிட்டார்களாம். மயக்கம் தெளிந்ததும் அவள் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "அம்மாகிட்ட நீங்க சொல்லக் கூடாது சின்னம்மா. நேரம் பாத்து நானே சொல்றேன்" என்றாள். சரி என்றேன். அந்த நேரம் வரவே இல்லை. அக்கா போய் இப்போது இரண்டு வருசம் ஆகிறது.

நான் ஊர் திரும்பியதும் அக்கா, "மகன் வீட்டுல என்ன வெஞ்சனம் வச்சாக?" என்று கேட்டாள். கறி என்று சொன்னேன். போகும்போது ஒன்று, வந்ததும் ஒன்று. அவளிடம் நான் சொன்ன முதல் பொய்கள் அவை.

ஆவணிக் கடைசியில் ஒரு பகலில் சந்து வழியாக அக்கா கத்தினாள். "சின்னவளே! ஓடியா! மேல பாரு!"

பார்த்தேன். நடுச்சுவருக்கு நேர் மேலே, விட்டத்தில், ஒரு குளவி மண் உருண்டை கொண்டுவந்து வைத்து வைத்துத் தடவிக்கொண்டிருந்தது. 'ங்ங்' என்று ஒரு சத்தம்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கரு தங்கும் என்பார்கள். செம்மண்ணில் கட்டினால் பெண், கரிசல் மண்ணில் கட்டினால் ஆண். குஞ்சு கூட்டில் ஓட்டை போட்டு வெளியே பறந்துவிட்டால் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும். அதற்கு முன்னால் கூட்டை உடைத்தால் கரு கலைந்துவிடும். நானும் நம்பி வளர்ந்தவள்தான். என் மகனுக்கு முன்னால் என் அம்மா வீட்டுக் கதவிடுக்கில் கட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"என்ன மண்ணு பாரு. எனக்குக் கண்ணு தெரியல" என்றாள் அக்கா. அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை இறங்கியிருந்தது. சத்தத்தை வைத்துத்தான் குளவி என்று கண்டுபிடித்திருக்கிறாள்.

"செம்மண்ணுக்கா."

"பொட்டைப்புள்ளை" என்றாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "பதினோரு வருசமா இந்த வீட்டுக்கு எது எதெல்லாமோ வந்துச்சு. இது வரலையேன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

ரேவதி சொல்லட்டும், ரேவதி சொல்லட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து என் வீட்டுக்காரர் வாய்க்கால் வரப்பில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். உள்ளே கம்பி வைத்துக் கட்டி அனுப்பினார்கள். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது. எங்கள் பக்கம் இருப்பது ஒரு அறையும் அடுப்படியும்தான். கட்டிலை அந்த அறையில், விட்டத்துக்கு நேர் கீழேதான் போட முடிந்தது. அவர் மல்லாந்து படுத்து நாள் முழுதும் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தார். அவர் முகத்தில் மாவு மாதிரி தூசி விழுந்தது. முதல் நாள் துடைத்தேன். இரண்டாம் நாள் கஞ்சியில் விழுந்தது. மூன்றாம் நாள் ஆசாரியைக் கூப்பிட்டு அனுப்பினோம்.

ஆசாரி ஏணி வைத்து ஏறிச் சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போனார். நடுச்சுவர் பக்கம் வந்ததும் சத்தம் மாறியது. விரலால் அமுக்கினார். விரல் பாதி உள்ளே போய்விட்டது.

"மதினி, இது மரமில்ல. அப்பளம்" என்றார். "மேல ஓடு நிக்கிறது சாமி புண்ணியம். ஐப்பசி மழை ரெண்டு பேஞ்சு ஓடு கனத்துச்சுன்னா, அண்ணே மேல தான் எறங்கும்."

"நான் மேல பாத்துக்கிட்டுத்தான் கெடக்கேன். எறங்குனா மொதல்ல எனக்குத்தான் தெரியும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"தெரிஞ்சு? எந்திரிச்சு ஓடுவீகளாக்கும்."

முழு விட்டத்தையும் மாற்ற வேண்டாம், கரையான் தின்ற ஆறடியை அறுத்து எடுத்துவிட்டு இரும்புச் சட்டம் கொடுத்துவிடலாம், ஒரு பகல் வேலை என்றார் ஆசாரி. அந்த ஆறடிக்கு நடுவில்தான் குளவிக்கூடு இருந்தது.

அக்கா தன் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏப்பு, குளவி பறக்கட்டும். பெறகு உன் இஷ்டம்போல அறுத்துக்க" என்றாள்.

"எப்பப் பறக்கும் பெரிய மதினி?"

"என்கிட்ட கேட்டா? அதுகிட்ட கேளு."

"அது பறக்குறதுக்குள்ள உங்க கொழுந்தன் பறந்துருவாரு."

அக்கா எழுந்து இந்தப் பக்கம் வந்து என் வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "தம்பி, உன்னைய வேண்டாம்னா நான் சொல்றேன்? ரேவதிக்கு ஒண்ணு தங்கிருச்சுன்னா அது உனக்கும் பேத்திதானே. நீ என் பக்கத்துல வந்து படுத்துக்க" என்றாள். அவள் பக்கமும் அதே விட்டம்தான். அவளும் அதற்குக் கீழேதான் படுத்தாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணி முகத்தைப் பார்த்து எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லை அவருக்கும்.

ஆசாரி நான்கு முட்டுக் கட்டை கொண்டுவந்து கொடுத்து நிறுத்திவிட்டுப் போனார். கட்டிலைச் சுற்றி நான்கு கம்பம். நடுவில் அவர். கல்யாண மேடை மாதிரி இருந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதிலிருந்து தினமும் காலையில் அக்கா கேட்பாள். "ஓட்டை விழுந்திருக்கா பாரு, சின்னவளே."

"இல்லக்கா."

சாயங்காலம் மறுபடி கேட்பாள். "இப்ப?"

"இல்லக்கா."

மழைக்கு முன்னால் காற்று வர ஆரம்பித்திருந்தது. காற்றடித்தால் ஓடு ஒன்றோடொன்று உரசும். நான் சோறு வடித்துக்கொண்டிருப்பேன், கை அப்படியே நின்றுவிடும். ஆசாரி வாரம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். ஒரு தடவை என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டு, "சின்ன மதினி, அந்தம்மாவுக்குத்தான் கண்ணு தெரியாதே. ஓட்டை விழுந்துருச்சு, குளவி பறந்துருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சோலி முடிஞ்சது" என்றார்.

எனக்கு அது தோன்றாமல் இல்லை. ஒரு வார்த்தைதான். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு மட்டும்தானே தெரியும். பறந்துவிட்டது என்றால் பிள்ளை வந்துவிட்டது என்று அக்கா நம்புவாள். இருக்க இடமே இல்லாத வயிற்றில் பிள்ளை வரும் என்று நாள் எண்ணிக்கொண்டு உட்காருவாள். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். ஏன் என்று ஆசாரி கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி" என்று சலித்துக்கொண்டு போய்விட்டார்.

ரேவதிக்குப் போன் போட்டேன். நானாகப் போட்டது அது ஒரு தடவைதான். "நீ வந்து சொல்லிருத்தா. சித்தப்பா கெடக்குற கெடையைப் பாரு" என்றேன். "வாரேன் சின்னம்மா, இந்த ஞாயிற்றுக்கிழமை வாரேன்" என்றாள். வந்தாள். அக்கா அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டுக்கு நேர் கீழே நிறுத்தி, "அண்ணாந்து பாரு" என்றாள். ரேவதி அண்ணாந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கீழே குனிந்தால் கண்ணீர் விழுந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே நின்றாளோ என்னவோ. பிறகு, "நல்லா கட்டிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்கே போய்விட்டாள். வாசலில் என்னைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் மேகம் கறுத்தது. ஒரு தூறல் போட்டதற்கே ஒரு முட்டுக் கட்டை வளைந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, சத்தம் சந்து வழியாகப் போகாமல் சொன்னார். "சனிக்கிழமை அண்ணியக் கூட்டிக்கிட்டுத் தாடிக்கொம்பு பெருமாள் கோயிலுக்குப் போ. சாயந்தரத்துக்கு முன்னால வந்துராத. ஆசாரிகிட்ட சொல்லிட்டேன். கூட்டை அலுங்காம எடுத்து வச்சுர்றேன்னு சொல்லிருக்கான்."

"அக்காகிட்ட சொல்லிட்டுச் செய்யலாமே."

"நீ சொல்றியா?"

நான் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

கோயிலுக்குப் போகலாமா என்று நான் கேட்டதும் அக்காவுக்குத் தாங்க முடியாத சந்தோசம். "நீயா கூப்புடுற? நீ எங்கயும் கூப்பிட மாட்டியே!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள். சாயம் போகாத சேலை கட்டிக்கொண்டாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "ஓட்டை விழுந்திருக்கா பாரு" என்றாள். எட்டிப் பார்த்துவிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாய் வராமல், "நேரமாச்சுக்கா, பஸ்ஸு போயிரும்" என்றேன்.

கோயிலில் நல்ல கூட்டம். வரிசையில் நிற்கும்போது அவள் யாருக்காக என்ன வேண்டிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். சாமி முன்னால் நின்று சத்தமாகவே சொன்னாள், "பெருமாளே, என் கொழுந்தன் காலு சீக்கிரம் கூடணும். அந்த விட்டம் இன்னும் ஒரு வாரம் தாங்கணும்." ரேவதியின் பெயரைச் சொல்லவே இல்லை. வெளியே வந்து நான் அதைக் கேட்டேன். "அதான் வந்தாச்சுல்ல. வந்ததுக்கு அப்புறம் எதுக்கு வேண்டிக்கிட்டு? சாமியப் போட்டுத் தொந்தரவு பண்ணக் கூடாது" என்றாள். பிரசாதப் புளியோதரையைத் தின்னும்போது எனக்கு இறங்கவில்லை. என் பங்கையும் அவளே தின்றாள். தின்றுவிட்டு மிச்சத்தை அங்கே படுத்திருந்த நாய்க்கு வைத்தாள்.

இருட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்தோம். வேப்பமரத்தடியில் கட்டில் கிடந்தது. அதில் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. முற்றத்தில் மரத்தூள். ஓடுகளை மறுபடி அடுக்கி முடித்திருந்தார்கள். அக்கா ஒன்றும் புரியாமல் மரத்தூளை மிதித்துக்கொண்டு நின்றாள்.

ஆசாரி என்னைச் சைகையால் சுவரோரம் கூப்பிட்டார். கையில் ஒரு சிரட்டை. "அறுக்கும்போதே மரம் ஒடிஞ்சு உதிர்ந்து போச்சு மதினி. கூட்டைக் காப்பாத்த முடியல" என்றார் மெதுவாக. சிரட்டையில் செம்மண் பொடி. அதன் நடுவில் ஒரு குஞ்சு. இன்னும் புழுவாகவும் இல்லை, குளவியாகவும் இல்லை. வெள்ளையாக, மெழுகு மாதிரி. காலை மடக்கி வயிற்றோடு வைத்திருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கறுப்பு விழுந்திருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பறந்திருக்கும்.

அசையவில்லை. நான் சிரட்டையை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

அக்கா உள்ளே போய்விட்டிருந்தாள். அவள் கண்ணுக்கும் அந்த இரும்புச் சட்டம் தெரிந்தது. புதுசு, சிவப்பு பெயிண்ட் அடித்தது. அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சின்னவளே."

"என்னக்கா."

"உள்ள இருந்துச்சா?"

இருந்தது என்று சொன்னால், அவள் மகள் வயிற்றில் தங்கியதை நாங்கள் எல்லாரும் சேர்ந்து, அவளைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, அறுத்து எறிந்ததாக ஆகும். வெறுங்கூடு என்று சொன்னால், எப்போதும் எதுவும் வந்ததே இல்லை என்று ஆகும். முந்தானைக்குள் சிரட்டை என் வயிற்றில் குத்தியது. ஆசாரி வாசலில் நின்று தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டை விழுந்திருந்துச்சுக்கா" என்றேன். "பறந்துருச்சு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்க்கா. காலையில கெளம்புறப்பவே பாத்தேன்."

"ஏன்டி சொல்லல?"

"கோயிலுக்குப் போயிட்டு வந்து சொல்லலாம்னு."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "அதான் எடுக்கச் சொன்னியா! அதான் கோயிலுக்குக் கூப்பிட்டியா! கள்ளி. வாயில்லாதவன்னு நெனச்சேன், எம்புட்டு யோசிச்சு வச்சிருக்க!" என்று என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். வெளியே எட்டி, "தம்பி, உனக்குப் பேத்தி வரப் போறா!" என்று கத்தினாள். வேப்பமரத்தடியில் அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

பிறகு மடியிலிருந்து போனை எடுத்தாள். அந்தச் சின்ன பட்டன் போனில் இரண்டை அமுக்கினால் ரேவதி. அதை அமுக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் அமுக்கிவிட்டாள். அவள் போனில் எப்போதும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவாள்.

"ஏத்தா ரேவதி! பறந்துருச்சுத்தா! ஆமா, ஓட்டை போட்டுப் பறந்துருச்சு. உன் சின்னம்மா கண்ணால பாத்துருக்கா. ஏத்தா? கேக்குதா? என்னத்தா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குற? லைன்ல இருக்கியா?"

கொஞ்ச நேரம் காதில் வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். "உன்கிட்ட குடுக்கச் சொல்றா."

ஒரு கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் போனை வாங்கினேன். அந்தப் பக்கம் கடையில் யாரோ பாத்திரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம் கேட்டது. அதற்குள்ளே ரேவதி மூச்சு விடுவது கேட்டது.

"சின்னம்மா" என்றாள். "நீங்களா சொன்னீக?"

"ஆமாத்தா" என்றேன்.

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்தபடியே என் சேலைக் கரையைப் பிடித்து ஆட்டினாள். "என்ன சொல்றா? சிரிக்கிறாளா?"

"சிரிக்கிறாக்கா" என்றேன்.

போனில் ரேவதி அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.